செம்மரம், படாக், வேங்கை: மரத்துக்கு விலை எங்கிருந்து வருது?

(ஒலிவடிவ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுல மூணு மரம் வருது. மூணும் ஒரே குடும்பம். ஒருத்தர் நம்ம கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில இருக்கார், பேரு வேங்கை. இன்னொருத்தர் திருப்பதி மலையைச் சுத்தின சேஷாசலம் காட்டுல இருக்கார், பேரு செம்மரம். ‘புஷ்பா’ படம் பார்த்திருந்தா இவரைத் தெரிஞ்சிருக்கும். மூணாவது ஆள் கேமரூன், காபோன், காங்கோ பக்கத்து மழைக்காட்டுல இருக்கார். அவர் பேரு படாக்.

தாவரவியல்ல மூணுக்கும் டெரோகார்பஸ்னு ஒரே குலப்பெயர். வேங்கை டெரோகார்பஸ் மார்சூபியம், செம்மரம் டெரோகார்பஸ் சான்டலைனஸ், ஆப்பிரிக்கப் படாக் டெரோகார்பஸ் சோயாக்ஸி. ஒரே ரெப்போவில இருந்து பிரிஞ்ச மூணு ஃபோர்க் மாதிரி வெச்சுக்கலாம்.

இதுல படாக்கை ஒரு தச்சர் பில்லோட வாங்கி, வாசல்ல இறக்கி, இழைச்சு, டேபிள் பண்ணலாம். செம்மரத்தை வெட்டப் போனவங்களோட உடல்கள் மூட்டையா கட்டி வந்திருக்கு. அந்த உடல்கள்ல சிலது வந்து சேர்ந்தது கல்வராயன் மலைக்கு. ஏறக்குறைய ஒரே நிறம், ஒரே குடும்பம். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? மரத்தோட விலை மரத்துக்குள்ளதான் இருக்கா, வெளியில எங்கேயாவது எழுதப்படுதா? இன்னைக்குப் பேசப்போறது இதைத்தான்.

முதல்ல மரத்தை மரமாப் பார்ப்போம்

விலை, சட்டம், கடத்தல் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு, ஒரு தச்சர் கண்ணோட்டத்துல ஆரம்பிக்கலாம்.

படாக் பெரிய மரம். 30 முதல் 40 மீட்டர் வரைக்கும் வளரும். அடிமரத்தோட விட்டம் ஒரு மீட்டரைத் தாண்டறதும் உண்டு. அதனால அகலமான, முடிச்சு இல்லாத பலகை கிடைக்கும். காய்ஞ்ச மரம் ஒரு கனமீட்டர் சராசரியா 745 கிலோ. நம்ம மரக்கடைக் கணக்குல சொன்னா, ஒரு கன அடி சுமார் 21 கிலோ. தேக்கு ஒரு கன அடி சுமார் பதினெட்டரை கிலோதான்.

அடுத்து கடினம். மரத்தோட கடினத்தை அளக்க ஜாங்கான்னு ஒரு சோதனை இருக்கு. ஒரு சின்ன எஃகு உருண்டையைப் பாதி முங்கற அளவுக்கு மரத்துல அழுத்த எவ்வளவு விசை வேணும்னு பார்ப்பாங்க. தேக்குக்கு சுமார் 4,700 நியூட்டன். படாக்குக்கு சுமார் 8,700. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

தச்சருக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு: மரம் வேலை செஞ்ச பிறகு நெளியுமா? பச்சை மரம் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டின திசையில ஒரு அளவு சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே வேற அளவு சுருங்கும். இந்த ரெண்டு அளவும் எவ்வளவு கிட்டக்கிட்ட இருக்கோ, அவ்வளவு குறைவா பலகை முறுக்கிக்கும். படாக்ல வளையத்தை ஒட்டி 5.2 சதவீதம், குறுக்கே 3.3 சதவீதம். விகிதம் 1.6. தேக்குல அது சுமார் 2. அதாவது நம்ம ஊர்ல ‘நெளியாத மரம்’னு பேர் வாங்கின தேக்கையே இந்த ஒரு கணக்குல படாக் முந்துது. கரையானும் பூஞ்சையும் இதை அவ்வளவு சுலபமாத் தொடாது. பசை நல்லாப் பிடிக்கும். கடைசல்ல போட்டா வழவழன்னு வரும். மாரிம்பாங்கற மரத்தட்டு இசைக்கருவி இருக்கே, அதுல மாணவர்களுக்கான மாடல்கள்ல பல கம்பெனிகள் படாக் பட்டைகளைத்தான் வைக்கிறாங்க. தட்டினா கணீர்னு பேசும்.

தொந்தரவும் இருக்கு. நாரு ஒரே பக்கமா ஓடாம மாறி மாறிப் பின்னிக்கிட்டு ஓடும். இழைப்புளி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் மேற்பரப்பு பிய்ஞ்சு வந்துடும். கத்தியை நல்லாத் தீட்டி, மெல்லிசா மெல்லிசா இழைக்கணும். தூள் பயங்கரம். பட்டறை முழுக்கக் குங்குமம் கொட்டின மாதிரி ஆயிடும். மூச்சுக்கு ஒத்துக்காதவங்க நிறைய பேர் உண்டு, மாஸ்க் இல்லாம இழைக்கவே கூடாது. பக்கத்துல வெள்ளை மரம் சேர்த்து டிசைன் பண்ணியிருந்தா, உப்புத்தாள் போடும்போது அந்தச் சிவப்புத்தூள் வெள்ளை மரத்தோட துளைகள்ல போய் உட்கார்ந்துக்கும்.

இன்னொண்ணு, பாலிஷ். படாக்கோட சாயம் தண்ணியில அவ்வளவாக் கரையாது, ஆனா ஸ்பிரிட்ல கரையும். ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கைத் துணியில தொட்டுத் தேய்க்கிற பழைய முறைப் பாலிஷைப் போட்டீங்கன்னா, அந்தத் துணியே சிவப்பை இழுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்து மரத்துல பூசிடும். அதனால முதல் கோட்டிங்கை ஸ்பிரே பண்றாங்க, இல்லைன்னா தண்ணி கலந்து அடிக்கிற வார்னிஷைப் போடறாங்க.

கடைசியா நிறம். அறுத்த அன்னைக்குத் தீ மாதிரி ஆரஞ்சுச் சிவப்பு. வெயிலும் வெளிச்சமும் பட்டா நாளாக நாளாகப் பழுப்பாகிடும். எந்த வார்னிஷும் அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. இன்ஸ்டாகிராம் போட்டோவில பார்த்த நிறத்தை நம்பி டேபிள் ஆர்டர் கொடுக்கிறவங்க இதை மனசுல வெச்சுக்கணும்.

இப்ப செம்மரத்துக்கு வருவோம். ரொம்ப அடர்த்தி. கனமீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டும். தண்ணியில போட்டா முங்கிடும். ஆனா சின்ன மரம். பெரும்பாலும் 10 மீட்டருக்குள்ள நின்னுடும். மெதுவா வளரும், நல்ல வைரம் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். வைரம்னா நடுவுல இருக்கிற முத்தின, நிறம் ஏறின பகுதி. பருமன் கம்மிங்கிறதால அகலமான கதவுப் பலகை எடுக்க முடியாது. ஒரு வீட்டுக்கு நிலை, கதவு, கட்டில் பண்ற தச்சரைக் கேட்டா, செம்மரத்தை விடப் படாக்தான் வேலைக்கு ஆகும்னு சொல்லிடுவார்.

வேங்கை இந்த ரெண்டுக்கும் நடுவுல. கன அடிக்குச் சுமார் 22 கிலோ. வெட்டினா ரத்தம் மாதிரிச் சிவப்பாப் பால் கசியும், ஆனா உள்வைரம் பொன்னிறமான பழுப்பு. கதவு, நிலை, மாட்டுவண்டி, ஏர்னு தலைமுறை தலைமுறையா இதுல வேலை நடந்திருக்கு. கசியற பாலைக் காய்ச்சி குழந்தைங்களுக்குப் பொட்டு வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. வேங்கைக் கட்டையில கடைஞ்ச டம்ளர்ல ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சுக் காலையில குடிக்கிற சர்க்கரை நோயாளிகளையும் பார்த்திருப்பீங்க. அந்தத் தண்ணியை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, ஓரத்துல ஒரு நீல மினுக்கம் தெரியும். படாக் சீவலைத் தண்ணியில போட்டு மேல புறஊதா விளக்கு அடிச்சாலும் அதே மாதிரி நீலம் மினுங்கும். குடும்ப ஜாடை.

சாயம்தான் முதல் சந்தை

செம்மரத்தையும் படாக்கையும் உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது மேஜையும் நாற்காலியும் இல்லை, சாயம்.

ரெண்டு மரத்தோட சிவப்புக்கும் காரணம் சான்டலின்னு ஒரே வகைச் சாயப்பொருள்தான். ஐரோப்பியச் சாயக்காரங்க இந்த மரங்களை ‘கரையாத செம்மரங்கள்’னு ஒரே பெட்டியில போட்டு வெச்சிருந்தாங்க. மத்தியகால இங்கிலாந்துப் பணக்காரச் சமையலறைகள்ல சாப்பாட்டுக்குச் சிவப்பு நிறம் ஏத்த நம்ம செம்மரத்தூளைப் போட்டிருக்காங்க. 17-ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் சோழமண்டலக் கரையில இருந்து துணியோட சேர்த்து செம்மரக்கட்டையும் ஏத்தினாங்க. கனமான கட்டைங்கிறதால கப்பலோட அடியில பாரமாப் போடவும் வசதியா இருந்துச்சு.

அதே காலத்துல மேற்கு ஆப்பிரிக்கக் கரையில இருந்து ‘பார்வுட்’ங்கிற பேர்ல படாக் வகைக் கட்டைகள் ஐரோப்பாவுக்குப் போச்சு. பிரிட்டன்ல அதைத் தூளாக்கி, துருக்கிச் சிவப்புக்கு மலிவான போலிச் சிவப்பு தயார் பண்ணாங்க. இதுல நம்ம ஊரும் இருக்கு. சென்னைக் கரையில நெய்த கட்டம்போட்ட கைக்குட்டைத் துணிகள் அதே மேற்கு ஆப்பிரிக்கக் கரையில விற்பனையாச்சு. நைஜீரியாவோட கலாபரி மக்கள் அதுக்கு ‘இஞ்சிரி’ன்னு பேர் வெச்சு, இன்னைக்கும் பிறப்பு, இறப்புச் சடங்குகள்ல பயன்படுத்தறாங்க. கப்பல்ல நம்ம துணி அங்கே இறங்கிச்சு, அவங்க சிவப்பு ஐரோப்பாவுக்கு ஏறிச்சு.

காங்கோவுல இருக்கிற கூபா மக்களுக்கு இந்தச் சிவப்பு வெறும் சாயம் இல்லை. மரத்தை அரைச்சு எடுக்கிற தூளுக்கு ‘துகூலா’ன்னு பேர். பனை எண்ணெயில குழைச்சு உடம்புல பூசுவாங்க, துணிக்கும் ஏத்துவாங்க, இறந்தவங்களுக்கு மரியாதையா வைப்பாங்க. இங்கே ரக்தசந்தனம்னு சொல்லி செம்மரத்தை உரசிப் பூசறோமே, கிட்டத்தட்ட அதே கை அசைவு, வேற கண்டம்.

‘படாக்’ங்கிற பேரே ஆப்பிரிக்கப் பேர் இல்லை, அது பர்மியச் சொல். பர்மாவிலயும் அந்தமான்லயும் இதே குடும்பத்து மரங்கள் உண்டு. போர்ட் பிளேர் பக்கத்துல சாத்தம் தீவுல 1883-ல பிரிட்டிஷ்காரங்க வெச்ச மர அறுவை ஆலையில அந்தமான் படாக் அறுபட்டு ஏற்றுமதியாச்சு. அப்புறம் ஆப்பிரிக்காவுல அதே மாதிரிச் சிவப்பு மரத்தைப் பார்த்ததும், ஏற்கெனவே சந்தையில ஓடற பேரை அதுக்கும் ஒட்டிட்டாங்க. கூபா மக்கள் வெச்ச பேர் பில்லுல ஏறவே இல்லை.

1868-69-ல ஜெர்மனியில அலிசரின்கிற சிவப்புச் சாயத்தைச் செயற்கையாத் தயாரிச்சாங்க. சில வருஷங்கள்லயே இயற்கைச் சாயங்களோட சந்தை சரிஞ்சுது. செம்மரம் அதே செம்மரம்தான். அதோட சிவப்புல ஒரு துளி குறையலை. ஆனா அந்தச் சிவப்புக்காக வாங்கின ஆள் போயிட்டார்.

ஒரு பட்டியல், ஒரு விலை

அப்போ இன்னைக்கு செம்மரத்துக்கு இவ்வளவு விலை எப்படி வந்துச்சு? பதில் கிழக்கே இருக்கு. ஜப்பான்ல ஷாமிசென்னு மூணு தந்தி இசைக்கருவி. அதோட கழுத்துப்பகுதிக்கு உசத்தியா மதிக்கிறது செம்மரம். ஆனா அது சின்னச் சந்தை. பெரிய சந்தை சீனா.

சீனாவுல ‘ஸிதான்’னு ஒரு மரம். சிங் வம்சப் பேரரசர்களோட அரண்மனைச் சாமான்களுக்கு அதைத்தான் தேடினாங்க. அந்த ஸிதான்ங்கிறது நம்ம செம்மரம்தான்னு பரவலா ஏத்துக்கிட்டிருக்காங்க. அரசர் உட்கார்ந்த நாற்காலியோட மரம்ங்கிற ஒரு அடையாளம். பேரரசு 1912-ல முடிஞ்சாலும் அந்த அடையாளம் முடியலை. கடந்த இருபது, இருபத்தஞ்சு வருஷத்துல அங்கே பணக்கார நடுத்தர வர்க்கம் பெருகினதும், அது முதலீடாவே மாறிச்சு.

2000-ல சீன அரசு ‘ஹோங்மு’, அதாவது செம்மரச் சாமான், எதையெல்லாம் அப்படிச் சொல்லலாம்னு ஒரு தரநிலை வெளியிட்டுச்சு. 33 மர இனங்கள் கொண்ட பட்டியல். ஸிதான் வகுப்புல ஒரே ஒரு இனம், நம்ம சேஷாசலத்து செம்மரம். அதுக்கு அடர்த்தி 1-ஐத் தாண்டணும். அதுக்குக் கீழே ‘ஹுவாலி’ன்னு ஒரு வகுப்பு. அதுக்கு அடர்த்தி 0.76-ஐத் தாண்டணும். அதுல மேற்கு ஆப்பிரிக்காவோட கோசோ மரம், டெரோகார்பஸ் எரினேசியஸ், இடம்பிடிச்சுது. மழைக்காட்டுப் படாக்கோட சராசரி அடர்த்தி 0.745. அது பட்டியல்ல இல்லை.

நம்ம பாஷையில சொன்னா, இது ஒரு ஒயிட்லிஸ்ட். உள்ளே இருந்தா ஒரு விலை, வெளியே இருந்தா வேற விலை. படாக் தச்சர் பட்டறைக்கு வந்து சேர்ற மரமா இருக்கிறதுக்கு, அந்தப் பட்டியல்ல அது இல்லாததும் ஒரு காரணம்.

கோசோவுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தா இது இன்னும் தெளிவாத் தெரியும். பட்டியல்ல இருந்த அந்த மரத்தை செனகல், கானா, நைஜீரியான்னு நாடு நாடா வெட்டித் தள்ளினாங்க. செனகலோட காசமான்ஸ் பகுதியில வெட்டி, எல்லை தாண்டி காம்பியாவுக்குக் கடத்தி, அங்கிருந்து கப்பல் ஏத்தினாங்க. ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பின்னிணைப்புல 2017-ல கோசோ சேர்ந்துச்சு. 2022 நவம்பர்ல பனாமாவுல நடந்த மாநாட்டுல ஆப்பிரிக்காவோட எல்லா டெரோகார்பஸ் இனங்களையும் இரண்டாம் பின்னிணைப்புல சேர்த்தாங்க. படாக்கும் அதுல அடக்கம். இனி அது எல்லை தாண்டணும்னா அனுமதிப் பத்திரம் வேணும். செம்மரம் 1995-லயே அந்தப் பின்னிணைப்புக்குப் போயிடுச்சு.

கல்வராயன் மலையில யார் இருக்காங்க?

இப்ப நம்ம மலைக்கு வரலாம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர்ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமாச்சு. ஊருக்கு மேற்கே நிக்கிற கல்வராயன் மலை கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் நடுவுல பரவிக் கிடக்குது. அங்கே வாழறவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடியினர். மலையாளம் பேசறவங்கன்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆள்றவங்க, தமிழ் பேசறவங்க. காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்தோம்னு அவங்க மரபுக்கதை சொல்லுது.

இந்த மலை ரொம்பக் காலம் மூணு ஜாகிர்தார்கள் கையில இருந்துச்சு. நாடு 1947-ல சுதந்திரம் வாங்கிடுச்சு. 1963-ல இனாம் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. அதை எதிர்த்து வழக்கு மேல வழக்கு. கடைசியில 1976-லதான் மலை அரசாங்கத்தோட கைக்கு வந்துச்சு. ஜாகிர்தாருக்குக் கூலி இல்லாம வேலை செஞ்ச மக்களுக்கு சுதந்திரம் 29 வருஷம் தாமதமா மலையேறிச்சு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க செத்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களோட நிலைமையைத் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. ரோடு, ஆஸ்பத்திரி, வேலைன்னு அடிப்படைக் கேள்விகள் அப்பவும் அப்படியேதான் இருந்துச்சு.

காட்டுக்கு நடுவுல வாழறாங்க. ஆனா அந்தக் காட்டுல பெரும்பகுதி காப்புக்காடு. வேங்கை கண் முன்னால நிக்குது, ஆனா கோடாரி வைக்க உரிமை இல்லை. மரம் இருக்கிற இடத்துல வாழறது அவங்களுக்குப் பல தடவை தண்டனையாத்தான் முடிஞ்சிருக்கு. பக்கத்துச் சித்தேரி மலை அடிவாரத்துல, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. கடத்தின சந்தனமரத்தைத் தேடறோம்னு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள்ள புகுந்து, வீடுகளை நொறுக்கி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர். தீர்ப்பு வர்றதுக்குள்ள 54 பேர் இறந்துட்டாங்க. மீதி 215 பேரும் குற்றவாளிகள்னு 2011 செப்டம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. 2023 செப்டம்பர்ல உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சுது. அங்கே வாழ்ந்தவங்களும் மலையாளி மக்கள்தான்.

சந்தனம் குறைஞ்ச பிறகு செம்மரத்துக்கு ஆள் எடுக்க இதே மலைகளுக்கு ஏஜென்ட் வந்தார். ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன். இவங்களுக்குக் காடு தெரியும், கோடாரி தெரியும், பாரம் தூக்கிக்கிட்டு ராத்திரியில மலை இறங்கத் தெரியும். வெட்டுக்கூலி ஒரே தடவையில கைக்கு வரும். ஊர்ல அவ்வளவு காசு வேற எந்த வேலையிலயும் கிடைக்காது. மரம் சீனாவுக்குப் போகுதுன்னோ, அங்கே எவ்வளவுக்கு விக்குதுன்னோ வெட்டற ஆளுக்குத் தெரியணும்னு யாரும் நினைக்கலை.

2013 டிசம்பர்ல சேஷாசலத்துல ரெண்டு வன அலுவலர்கள் கொல்லப்பட்டாங்க. அதுக்குப் பிறகு ஆந்திர அரசோட நடவடிக்கை கடுமையாச்சு. 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காட்டுல சிறப்பு அதிரடிப்படை சுட்டதுல 20 தமிழ்த் தொழிலாளர்கள் செத்தாங்க. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரங்க. கோடாரியாலயும் கல்லாலயும் தாக்கினாங்க, தற்காப்புக்குச் சுட்டோம்னு போலீஸ் சொல்லிச்சு. முன்கூட்டியே பிடிச்சுட்டுப் போய்ச் சுட்டாங்கன்னு உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் சொன்னாங்க. தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொல்லிச்சு.

2018 பிப்ரவரி. கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில ஐந்து உடல்கள் மிதந்துச்சு. ஐந்து பேரும் சேலம் மாவட்டப் பக்கத்துக் கல்வராயன் மலைக்காரங்கன்னு அடையாளம் தெரிஞ்சுது.

‘புஷ்பா’வுல கூலியா ஆரம்பிக்கிற ஆள் சிண்டிகேட்டுக்கே தலைவனாயிடறான். நிஜத்துல அந்த ஏணியோட ரெண்டாவது படிக்குக்கூட வெட்டற ஆள் பெரும்பாலும் ஏறறதில்லை. சங்கிலியில பெரும்பாலும் பிடிபடறதும் சுடப்படறதும் முதல் கண்ணிதான்.

உளி என்ன சொல்லுது?

இதே மலையோட அடிவாரத்துல இன்னொரு மரக்கதை நடந்துக்கிட்டிருக்கு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கம் மரச்சிற்பக் கலைஞர்கள் தலைமுறைகளா வேலை செய்றாங்க. மதுரைப் பக்கத்துல இருந்து வந்த தச்சு மரபுன்னு சொல்றாங்க. 2021-ல கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது.

அவங்க கையில எடுக்கிற மரம் என்ன? வாகை, மா, வேம்பு, தேக்கு மாதிரி சுத்துவட்டாரத்துல கிடைக்கிற மரங்கள். எந்தப் பேரரசரோட நாற்காலியிலயும் இதுகளைத் தேடினதில்லை. தோட்டத்து மாமரம் காய்ப்பு ஓய்ஞ்சதும் பட்டறைக்கு வருது. வாகைக் கட்டை உளியில பிள்ளையாரா மாறுது. அங்கே விலை ஏர்றது மரத்தோட பேரால இல்லை, உளி பிடிச்ச கையால.

இதனாலதான் மூணு மரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னு தோணிச்சு. பலகையா எடுத்துக்கிட்டா படாக் செம்மரத்தைவிட வசதியான மரம். நிறத்துக்கு அதே சாயப்பொருள். செம்மரத்துக்கு அதிகமா இருக்கிறது அடர்த்தியும் அரண்மனை ஞாபகமும்தான். அந்த ஞாபகத்துக்கு ஒரு பட்டியல் விலை போட்டுச்சு, ஏஜென்ட் அந்த விலையில ஒரு துளியைக் கூலியாக் கொண்டுவந்தார், உரிமை இல்லாத ஒரு மலை அந்தக் கூலிக்கு ஆள் அனுப்பிச்சு. நாளைக்கு சந்தையோட ருசி மாறி படாக் மேல கண் விழுந்தா, காபோன்லயோ கேமரூன்லயோ ஏதோ ஒரு கிராமம் கல்வராயனா மாறும். கோசோவுக்கு ஏற்கெனவே அது நடந்துடுச்சு.

இனி என்ன?

சட்டப்படி செம்மரம் வளர்க்கிற வழி இப்ப திறந்துக்கிட்டிருக்கு. தமிழ்நாட்டுலயும் ஆந்திராவுலயும் விவசாயிகள் பட்டா நிலத்துல செம்மரம் நடறாங்க. 2023 நவம்பர்ல சைட்டிஸ் நிலைக்குழு, செம்மர வணிகம் தொடர்பா இந்தியா மேல இருந்த சிறப்புக் கண்காணிப்பை விலக்கிச்சு. தோட்டத்துல வளர்த்த மரத்தை ஏற்றுமதி பண்றது இதனால சுலபமாகும்னு எதிர்பார்க்கிறாங்க.

ஆனா அந்த வாக்கியத்துல ‘பட்டா’ன்னு ஒரு சொல் இருக்கு, கவனிச்சீங்களா? பட்டா இருக்கிறவர் செம்மரத்தை நட்டா விவசாயி. பட்டா இல்லாதவர் அதே மரத்தைத் தொட்டா கடத்தல்காரர். 2006-ல வன உரிமைச் சட்டம் வந்துச்சு. காட்டுல தலைமுறைகளா வாழறவங்களுக்கு நில உரிமையும் காட்டுப் பொருள்கள் மேல உரிமையும் அது கொடுக்குது. தமிழ்நாட்டுல நீதிமன்றத் தடையால அந்தப் பட்டாக்கள் 2016 வரைக்கும் தள்ளிப்போச்சு. சட்டம் வந்து பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்துக்குள்ளதான் 2015 ஏப்ரலும் வருது.

கேட்கிறவங்கள்ல சிலர் புது வீட்டுக்கு டேபிளோ, கிட்டாரோ, மரத்தரையோ வாங்கற வயசுல இருக்கீங்க. ‘இம்போர்ட்டட் படாக்’னு சொன்னா, சைட்டிஸ் பேப்பர் இருக்கான்னு கேளுங்க. கேட்கிறது கடைக்காரரைச் சந்தேகப்படறது ஆகாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வெட்டின அந்த மரம் சட்டப்படி எல்லை தாண்டி வந்துச்சான்னு பார்க்க, அது ஒரு காகிதம். கள்ளக்குறிச்சிப் பக்கம் போனா ஒரு வாகைச் சிற்பத்தை வாங்குங்க. அதைச் செதுக்கினவரோட பேரை அங்கேயே நேர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.